லிண்டிஸ்ஃபார்ன்: அந்த 20 நிமிடம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஸ்காண்டிநேவியக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, இங்கிலாந்தின் நியூகாசிலிலிருந்து குடும்பத்தோடு லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போய்வந்தோம். 793இல் அவர்கள் தாக்கி அழித்த மடாலயத்தின் இடிபாடுகளைப் பார்த்து மனம் கனத்துவிட்டது. சுற்றிலும் கடல் இருந்தும் அந்த இடம் ஏன் பாதுகாப்பாக இல்லை? திரும்பும்போது, தீவுக்குப் போகும் சாலையைக் கடல்நீர் மூடும் என்று அட்டவணை சொல்லும் நேரம் தாண்டி 20 நிமிடம் ஆகிவிட்டது. ஆனால் சாலை காய்ந்துதான் கிடந்தது. முன்னால் இரண்டு கார்கள் போயின, நாங்களும் வந்துவிட்டோம். அறிவிப்புப் பலகைகள் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகின்றன. அடுத்த முறை அப்பாவோடு மணல்வழியே நடந்து போக ஆசை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடல் ஓதத்தை, அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவதை, ஓரமாக வைத்துவிட்டுத் தீவுகளின் வரலாற்றை எழுதுகிறார்களே என்ற எரிச்சலில் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால் திட்டுவதையும் உரிமையோடு திட்டுகிறேன்.

முதலில் வைக்கிங் விஷயம். நீங்கள் பார்த்து வருந்திய கற்கள் 793ஐச் சேர்ந்தவையே அல்ல. அவை 12ஆம் நூற்றாண்டில் டர்ஹாம் துறவிகள் எழுப்பியவை, 1537இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடப்பட்டவை. 793 ஜூன் 8 அன்று கொள்ளையும் கொலையும் நடந்தது உண்மை. ஆனால் துறவிகள் அதற்குப் பிறகும் 80 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். 875இல்தான் அந்தத் தீவின் ஆயராக இருந்த புனித கத்பர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு வெளியேறினார்கள். பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஓதம் தடுப்பது தரைவழி வருகிறவனை. படகில் வருகிறவனுக்கு அது கதவைத் திறந்துவிடுகிறது. 635இல் மடாலயத்தை நிறுவிய துறவி ஏடன் அந்தத் தீவில் குடியேறியது ஒளிந்துகொள்ளவும் அல்ல. அரசன் ஆஸ்வால்டின் பாம்பரோ கோட்டை அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும். இது போதும்.

இனி அந்த 20 நிமிடம். நம் ஊர்க் கடற்கரையில் வளர்ந்த கண் இங்கேதான் ஏமாறும். சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர், பாம்பனில் அதைவிடக் குறைவு. லிண்டிஸ்ஃபார்னில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சுமார் 4 மீட்டர். அந்த நீர் ஒரே சீராகவும் ஏறாது. ஏற்றம் ஆறு மணி நேரம் என்றால் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு. அதாவது முதல் மணியில் 33 செ.மீ. ஏறிய கடல், மூன்றாம் மணியில் ஒரு மீட்டர் ஏறுகிறது. அந்த நாட்களில் சாலை முழுகுவது இந்த நடுக்கட்டத்தில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் 20 நிமிடம் என்பது ஓரடி நீர். ஓடும் நீர் ஓரடி இருந்தால் ஒரு சிறிய காரை நகர்த்தப் போதும்.

'சாலை காய்ந்துதான் கிடந்தது' என்கிறீர்கள். எந்த இடத்தில்? தீவின் பக்கம் சாலை மணல்மேடுகளை ஒட்டிப் போகிறது, அங்கே காய்ந்துதான் இருக்கும். பள்ளமான இடம் எதிர்க்கரைப் பக்கம், ஓடையைத் தாண்டும் சிறு பாலத்தருகே. திரும்பி வருகிறவர் பெரும்பகுதியைக் காய்ந்த சாலையில் ஓட்டிவிட்டு, கரை கண்ணெதிரே தெரியும்போதுதான் தண்ணீரைச் சந்திக்கிறார். 'இவ்வளவு தூரம் வந்தாயிற்று' என்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். காற்று உறிஞ்சும் குழாய் வழியே நீர் போனால் எஞ்சின் அங்கேயே நிற்கும். உப்புநீர் புகுந்த வயரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும். பாலத்தருகே உயரமான கால்கள்மேல் ஏணியோடு நிற்கும் வெள்ளை மரக்கூண்டைப் பார்த்திருப்பீர்களே, அது அலங்காரத்துக்கு அல்ல. அங்கே மாட்டிக்கொண்டால் காரை விட்டுவிட்டுக் கூண்டில் ஏறி, அவசர உதவி எண் 999ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும்.

முன்னால் போன இரண்டு கார்களை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்? அவர்களும் முன்னால் எதையோ பார்த்துப் போனவர்கள்தானே! அட்டவணை முன்கூட்டியே போட்ட கணக்கு, அவ்வளவுதான். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு செ.மீ. உயரும். வடக்கிலிருந்து புயல்காற்று தள்ளினால் அதற்கும் மேல், அட்டவணையில் போட்ட நேரத்துக்கு முன்பே. உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனது அன்றைய வானிலையின் தயவு.

மணல்வழி நடை வேறு விஷயம். கம்பங்கள் நட்ட யாத்திரைப் பாதை சுமார் 5 கி.மீ., சேற்றில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். சாலைக்குப் போட்ட நேரம் நடப்பவருக்குப் பொருந்தாது. நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டு, சாலை திறந்திருக்கும் நேரத்தின் நடுப்புள்ளிக்குள் அக்கரை சேர்ந்துவிட வேண்டும். அப்பாவைக் காரிலேயே அழைத்துப் போங்கள். சாலை மூட ஒரு மணி நேரம் இருக்கும்போதே கிளம்புங்கள். முடியவில்லையென்றால் அடுத்த திறப்புவரை தீவிலேயே உட்காருங்கள். மடாலயத்துக்குத் தென்மேற்கே, கத்பர்ட் தனித்திருக்கப் போன குட்டித்தீவு இருக்கிறது. அப்பாவுக்குப் பிடிக்கும். அதுவும் ஓதத்தில் துண்டாகும், அங்கே போகும்போதும் கடிகாரத்தைப் பாருங்கள்.