ரெவிட்டில் ஒரு சுவரை மாற்றினால் எல்லாச் சுவரும் ஏன் மாறுகிறது?

கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டில் வெளிச்சுவருக்கு மட்டும் பூச்சு சேர்க்கப் போய், உள்சுவர்களும் தடிமனாகிவிட்டன என்கிறீர்கள். ரெவிட்டில் தடிமன், அடுக்குகள், மெட்டீரியல் எல்லாம் சுவரின் டைப்பில் (ஒரே மாதிரிச் சுவர்களுக்கெல்லாம் பொதுவான வரையறையில்) இருக்கின்றன, நீங்கள் கிளிக் செய்த அந்த ஒற்றைச் சுவரில் இல்லை. உயரம், எந்தத் தளத்தில் தொடங்குகிறது போன்றவைதான் தனிச்சுவருக்கு உரியவை.

சரி, முதலில் அன்டூ செய்துவிடுங்கள். அப்புறம் வெளிச்சுவர்களைத் தேர்ந்தெடுத்து, எடிட் டைப் போய், வேறு எதையும் தொடும் முன் டூப்ளிகேட் அழுத்தி, 'வெளிச்சுவர் 262' என்பதுபோல் பார்த்ததும் புரிகிற பெயர் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரக்சர் வரியில் எடிட்டைத் திறங்கள். பட்டியலில் மேலே இருப்பது வெளிப்பக்கம், கீழே உள்பக்கம். 230 மி.மீ. செங்கல் இரண்டு கோர் பவுண்டரிக்கும் (சுவரின் மையப் பகுதியான கோரின் எல்லைகள்) நடுவே, 20 மி.மீ. வெளிப்பூச்சு மேலே, 12 மி.மீ. உள்பூச்சு கீழே. பலர் பூச்சையும் கோருக்குள் தள்ளிவிடுகிறார்கள். பிறகு கோர் முகத்திலிருந்து அளவு எடுத்தால் பூச்சும் சேர்ந்துதான் வரும்.

அதே பட்டியலில், அடுக்கின் வேலை என்ன என்று சொல்லும் ஃபங்ஷன் பத்தியை (column) அலட்சியமாக விடாதீர்கள். ஸ்ட்ரக்சருக்கு எண் 1, பூச்சுக்கான ஃபினிஷ் 2-க்கு எண் 5. சுவர்கள் கூடும் இடத்தில் சிறிய எண் உள்ள அடுக்கு மற்றதை வெட்டிக்கொண்டு போகும். பூச்சுக்கும் 1 கொடுத்தால் மூலையில் செங்கலும் பூச்சும் முட்டிக்கொண்டு அசிங்கமாகத் தெரியும்.

பக்கம் மாறி நின்றால் சுவரைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ்பாரைத் தட்டுங்கள், திரும்பிவிடும். பிளானில் அடுக்குகளே தெரியவில்லை என்றால் டீட்டெயில் லெவல் கோர்ஸில் (Coarse, குறைந்த விவரம்) இருக்கும், மீடியம் ஆக்குங்கள்.