வாசகர் கேள்வி: நாக்சோஸ் தீவில் எந்தக் கடற்கரை?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மகள் ஆகஸ்டில் எங்களைக் கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவுக்குக் கூட்டிப் போகிறாள். நாலு வயதுப் பேத்தியும் வருகிறாள், என் வீட்டுக்காரருக்கு மூட்டுவலி. கடற்கரைகளின் பட்டியலை அனுப்பி “நீங்களே சொல்லுங்கம்மா” என்கிறாள். படத்தில் எல்லாமே ஒரே நீலமாகத் தெரிகிறது. எங்கே போவது?
– ஒரு வாசகி, உச்சிப்புளி

பதில்: உச்சிப்புளிக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தூக்கும்போது தென்கடல் பக்கம் போகாமல் பிள்ளைகளை வடகடல் பக்கம் இருக்கும் அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப் போவீர்கள், வாடை பிறந்துவிட்டால் அதே அரியமானில் இறக்கிவிட யோசிப்பீர்கள், அந்தக் கணக்கேதான் அங்கேயும். படத்தை ஓரமாக வைத்துவிட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் நாக்சோஸைச் சுற்றியிருக்கும் ஏஜியன் கடலில் அடிப்பது வடக்குக் காற்று, மெல்டெமி என்பார்கள். நம் வாடையைப் போல மழை கொண்டுவராது. வானம் பளிச்சென்று இருக்கும், ஜன்னல் வழியே பார்த்தால் அருமையான நாள் என்று தோன்றும், கரைக்குப் போனால் மணல் முகத்தில் அறையும். ரொம்ப வலுத்தால் கப்பலையே நிறுத்திவிடுவார்கள், அதனால் ஊர் திரும்ப விமானம் இருந்தால் முதல் நாளே ஏதென்ஸ் வந்து சேர்ந்துவிடுங்கள்.

ஆக, வடகரையில் இருக்கும் அப்பொல்லோனாஸ், அப்ராமி எல்லாம் காற்று நாளில் வேண்டாம். மேற்கிலும் தென்மேற்கிலும்தான் நல்ல மணல். பேத்திக்கு அகியோஸ் ஜார்ஜியோஸ் போதும். ஊரை ஒட்டியே இருக்கிறது, ஆழமில்லாத கடல், மூட்டுவலிக்காரரும் மெல்ல நடந்தே போய்விடலாம். அதற்குத் தெற்கே அகியோஸ் ப்ரோகோபியோஸ். வடக்கே ஸ்டெலிடா முனை நீட்டிக்கொண்டு காற்றைக் கொஞ்சம் மறைக்கும். கூட்டம் இருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. அப்புறம் பிளாக்கா, சுமார் 4 கிலோமீட்டர் மணல். தென்கோடியில் துணியில்லாமல் குளிப்பவர்களும் உண்டு, வீட்டுக்காரரை முன்கூட்டியே தயார்ப்படுத்திவிடுங்கள்!

எனக்குப் பிடித்தது மிக்ரி விக்லா. ஒரு முனை, அதற்கு இரண்டு பக்கமும் கரை. வடக்குப் பக்கம் காற்று அடித்து நொறுக்கும், பாய்மரப் பலகைக்காரர்கள் பறந்துகொண்டிருப்பார்கள்; முனையைத் தாண்டித் தெற்கே வந்தால் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். தனுஷ்கோடி சாலையில் ஒரு பக்கம் ஆண் கடல், மறுபக்கம் பெண் கடல் என்று பார்த்து வளர்ந்தவருக்கு இது புதிதில்லை. வாடகைக் கார் இருந்தால் அவசியம் போங்கள். இல்லாவிட்டால் பிளாக்கா வரைக்கும் கோடையில் துறைமுகத்திலிருந்து பஸ் அடிக்கடி கிடைக்கும், அதுவே போதும்.

கேள்வி: அங்கே சுடிதாரோடு கடலில் இறங்கினால் ஏதாவது சொல்வார்களா?
– அதே வாசகி

பதில்: யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். குடையும் சாய்வுப் படுக்கையும்தான் காசு, மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தால் சும்மாதான். ஆனால் பருத்தி வேண்டாம். நனைந்தால் கனக்கும், அந்தக் காற்றில் ஈரத்தோடு நின்றால் நடுங்கிப் போவீர்கள், தண்ணீரும் நம் கடலைவிடக் குளிர்ச்சி. சீக்கிரம் காயும் நைலான் துணியும் பேத்திக்கு மாற்றுத் துணி இரண்டு செட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.