கைடுடன் போவதா, நாமே போவதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் கணவரும் நாற்பதுகளில் இருக்கிறோம். ஓரிரு நாள் மலைநடைகள் எங்களுக்குப் பழக்கம். அடுத்த ஆண்டு ஒரு மலைத் தேசியப் பூங்காவில் ஏழு நாள் நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். நடுவில் 4,600 மீட்டரில் ஒரு கணவாயைக் கடக்க வேண்டும். ‘ஜிபிஎஸ் இருக்கும்போது கைடு எதற்கு, வீண்செலவு’ என்கிறார் அவர். எனக்குத் தயக்கம். எதை வைத்து முடிவெடுப்பது?

கவிதா

அன்புள்ள கவிதா,

முதலில் பூங்காவின் விதியைப் பாருங்கள். சில இடங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கிளிமஞ்சாரோவிலும் மலேசியாவின் கினபாலுவிலும் கைடு இல்லாமல் உச்சிக்கு ஏற விடமாட்டார்கள். நேபாளம் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவருக்குக் கைடு கட்டாயம் என்று அறிவித்தது. எவரெஸ்ட் பகுதியின் உள்ளாட்சியோ அதை ஏற்கவில்லை. ஒரே நாட்டுக்குள்ளேயே பாதைக்குப் பாதை நடைமுறை மாறுகிறது என்பதால், பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல் பூங்கா அலுவலகத்தையே கேளுங்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கைடு கட்டாயமில்லை. ஆனால் காட்டில் இரவு தங்க அனுமதிச்சீட்டு வேண்டும், கரடி திறக்க முடியாத உணவு டப்பாவும் எடுத்துப்போக வேண்டும்.

விதி முடிவை உங்களிடமே விட்டால், உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. நன்கு மிதிபட்ட, குறியீடுகள் உள்ள பாதையில் வழி காட்டுவதற்காக மட்டும் ஓர் ஆள் தேவையில்லை. ஆனால் ஜிபிஎஸ் காட்டுவது ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் நேற்று விழுந்த பனியையோ, அடித்துப்போன பாலத்தையோ அது காட்டாது. நல்ல கைடின் முதல் வேலை ‘இன்று போகலாமா, கூடாதா’ என்று சொல்வதுதான். அதை நீங்கள் இருவரும் சரியாகச் சொல்ல முடியுமா என்று பாருங்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நாளின் நடைநேரத்தையும் வரைபடத்திலிருந்து நீங்களே கணக்கிடுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. 12 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள நாளுக்கு ஏறக்குறைய 4 மணி வரும். முதுகில் சுமை, மெலிந்த காற்று இரண்டையும் சேர்த்து அதை ஒன்றரை மடங்காக்குங்கள். ஓய்வையும் கூட்டினால் 7 மணி. காலை 7 மணிக்குக் கிளம்பினால் பகல் 2 மணிக்குத்தான் சேர்வீர்கள். பல மலைகளில் மேகமும் இடியும் திரளும் நேரம் அது. பனி உருகி வரும் ஓடை ஏதாவது வழியில் இருந்தால், விடியலில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் பிற்பகலில் தொடை வரை ஏறியிருக்கலாம். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் இறங்காதீர்கள். இக்கரையிலேயே கூடாரம் போட்டுவிட்டு மறுநாள் அதிகாலையில் கடப்பதுதான் சரி. கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். வழுக்கினால் பையை உதற முடியும். இதெல்லாம் புதிதாக இருந்தால் இந்தப் பாதைக்குக் கைடு எடுங்கள்.

மெலிந்த காற்றால் வரும் உயரநோய்தான் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். இரண்டு பேர் மட்டும் போகும்போது இருவருக்கும் ஒரே நாளில் தலைவலியும் குமட்டலும் வரலாம். உயரம் மூளையைத் தாக்கினால் முதலில் மங்குவது நிதானம். தள்ளாடுகிறவரே ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சாதிப்பார். அப்போது தெளிவாக இருக்கும் மூன்றாவது ஆள் உயிரைக் காப்பார். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். நோயாளியைத் தனியே அனுப்பவும் கூடாது.

கைடு இருந்தால் உயரநோய் வராது என்று நினைத்துவிடாதீர்கள். குழுப் பயணங்களில் செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது ஓய்வுநாள்தான். நிறுவனத்தின் பயண நிரலை வாங்கி, ஒவ்வோர் இரவும் படுக்கும் உயரத்தை எழுதிப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு வேண்டும். 3,000, 3,400, 3,800, மறுபடி 3,800, 4,200, பிறகு கணவாய் என்பது ஒழுங்கான நிரல். 3,000லிருந்து நேராக 3,900க்குக் கூட்டிப்போகும் நிரலைவிட, நீங்களாகவே மெதுவாகப் போவது பாதுகாப்பு.

பதிவு செய்வதற்குமுன் நிறுவனத்திடம் சிலவற்றைக் கேளுங்கள். ஒருவர் நோயுற்றால் அவருடன் இறங்குவது யார், மற்றவர்களுடன் தொடர்வது யார்? ஒரே ஒரு கைடு உள்ள குழுவில் இதற்குப் பதில் இருக்காது. கணவாயை எட்டாவிட்டாலும் திரும்பியே ஆக வேண்டிய நேரம் எது? கைடிடம் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி உண்டா? தகுதியும் முக்கியம். மெல்ல நகரும் பனிக்கட்டிப் பரப்பான பனியாற்றைக் கயிறு கட்டிக் கடக்கப் பயிற்சி பெற்றவர் வேறு, நடைபாதைக்கான வழிகாட்டி வேறு. உங்கள் கணவாயில் பனியாறு இருந்தால் முதல் வகையினர்தான் வேண்டும். சுமை தூக்க வருபவரிடம் கைடு வேலையையும் சுமத்தாதீர்கள். அவர் பாதையை அறிந்திருக்கலாம், முதலுதவியில் பயிற்சி இல்லாதிருக்கலாம்.

நீங்கள் சொல்லும் பாதைக்கு என் பரிந்துரை, குழுவில் சேராமல் உங்கள் இருவருக்கு மட்டும் ஒரு கைடை அமர்த்துவது. வேகமும் ஓய்வுநாளும் உங்கள் கையில் இருக்கும். பூங்கா அனுமதித்தால், கணவாய்க்கு முந்தைய முகாமிலிருந்து மறுபக்கம் இறங்கும்வரை மட்டும் ஆள் எடுத்து, கீழ்ப்பள்ளத்தாக்கில் நீங்களே நடக்கலாம். செலவும் குறையும்.

எப்படிப் போனாலும் காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பைப் படியுங்கள். 4,600 மீட்டர் அதற்குள் அடங்க வேண்டும், ஹெலிகாப்டர் மீட்பும் சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவீர்கள் என்ற தாளை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணிவரை தகவல் வராவிட்டால் பூங்காவின் மீட்பு எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதிவையுங்கள்.