சுவர்க்கோழிக்கும் சின்தசைசருக்கும் இடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சூழலியலைக் கருவாக வைத்து, இயற்கை ஒலியும் மின்னணு இசையும் கலந்த சைக்கடெலிக் (மனமயக்கப் பாணி) ஆல்பங்களில் முன்னோடி எது? – வாசகர், மதுரை

1970-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘இன் எ வைல்ட் சாங்க்சுவரி’யிலிருந்து தொடங்குங்கள். பால் பீவரும் பெர்னி க்ரௌஸும் சேர்ந்து செய்தது. மூக் சின்தசைசரை (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) அமெரிக்க ராக் இசைக்காரர்களுக்குப் பழக்கியவர்கள் இவர்கள். இந்த ஆல்பத்துக்காக 1968-இல் சான் பிரான்சிஸ்கோவை அடுத்த மியூர் வுட்ஸ் காட்டுக்கு ரெக்கார்டரோடு போன க்ரௌஸ், 1975-இல் பீவர் இறந்த பிறகு காட்டொலிப் பதிவையே வாழ்க்கையாக்கிக்கொண்டார்.

அவருடைய லிங்கன் மெடோ பதிவுகளை அவசியம் கேளுங்கள். சியரா நெவாடா மலையில், மரங்களைத் தேர்ந்தெடுத்து மட்டும் வெட்டினால் பாதிப்பு வராது என்று சொல்லப்பட்ட இடம் அது. வெட்டுவதற்கு முன் 1988-இல் ஒரு பதிவு. வெட்டிய பின் அடுத்த ஆண்டு அதே பருவத்தில் இன்னொன்று. பார்வைக்குக் காடு அப்படியே இருந்தது. பதிவிலோ பறவைக் குரல் பெரும்பாலும் இல்லை. நல்ல காட்டில் ஒவ்வொரு உயிரும் தனக்கென்று ஓர் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்கிறது என்பது க்ரௌஸின் கருத்து. மிக்சிங் (பதிந்த ஒலிகளைக் கலந்து சமன்படுத்துவது) செய்பவர்கள் மனப்பாடம் செய்யவேண்டிய பாடம் இது.

கேள்வி: சுவர்க்கோழி, தவளைச் சத்தத்தை மொபைலில் பதிந்து டிராக்கில் சேர்த்தால் வெறும் இரைச்சலாகிவிடுகிறதே? – வாசகர், நாகர்கோவில்

முதல் குற்றவாளி மொபைல். விடாமல் ஒலிக்கும் சுவர்க்கோழியை அது பின்னணி இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். தவளை கத்தினால் ஒலியளவைக் குறைக்கும், ஓய்ந்ததும் ஏற்றும். கைக்கு அடக்கமான ரெக்கார்டர் ஒன்றில் ஆட்டோ லெவலை (ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி) அணைத்துவிட்டு, 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். திறந்தவெளியில் காற்றைத் தடுக்க மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போதாது. முடி வைத்த உறை வேண்டும். குரலை நான்கு மடங்கு மெதுவாக்கும் எண்ணமிருந்தால் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) 96 கிலோஹெர்ட்ஸ். 48-இல் பதிந்தால் பதிவாகும் ஒலியின் மேல் எல்லை அதில் பாதி, 24 கிலோஹெர்ட்ஸ்தான். மெதுவாக்கியதும் அது 6-க்கு இறங்கி ஒலி மங்கிவிடும்.

அடுத்தது இடநெருக்கடி. சுவர்க்கோழியின் குரல் பெரும்பாலும் 4–5 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். ஹை-ஹாட்டும் (டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டு) சின்த் லீடின் (சின்தசைசரின் முதன்மை மெட்டு) கூர்மையும் அங்கேதான் மோதுகின்றன. சின்த்தில் அந்த இடத்தை 3–4 டெசிபல் குறையுங்கள். ஹை-ஹாட்டை 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் விடுங்கள். பூச்சியின் மேல் கைவைக்காதீர்கள், விட்டுக்கொடுக்க வேண்டியது கருவிகள்தான். காட்டுப் பதிவுக்கு ரிவர்ப்பும் (செயற்கை எதிரொலி) வேண்டாம், அதில் காட்டின் எதிரொலி ஏற்கெனவே இருக்கிறது. எட்டு பார் (தாளச் சுற்று) துண்டைத் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாகப் போட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும். இரண்டு நிமிடத் துண்டாவது எடுத்து, ஒட்டுமிடத்தில் 5 விநாடி கிராஸ்ஃபேட் (ஒன்று மெல்ல மறைய மற்றது மெல்ல எழுவது) கொடுங்கள்.

கேள்வி: நாலு பேர் நாலு ஊரிலிருந்து ஓர் ஆல்பம் செய்கிறோம். ஒருவர் அனுப்பும் டிராக் மட்டும் சுருதி விலகி, முன்னதாகவே முடிந்துவிடுகிறது. – வாசகர், கோவை

அவர் 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் வேலை செய்கிறார், நீங்கள் 48-இல். மாற்றாமல் ஓடவிட்டால் சுமார் முக்கால் கட்டை சுருதி ஏறும். மூன்று நிமிடத் துண்டு 15 விநாடி முன்பே முடியும். எல்லோரும் 48-க்கு வாருங்கள். ஸ்டெம் (ஒவ்வொரு கருவிக்குமான தனித்தனி ஒலிக்கோப்பு) எல்லாம் பாட்டின் பூஜ்ய விநாடியிலிருந்து தொடங்கும் வேவ் கோப்பாக, லிமிட்டர் (ஒலியின் உச்சத்தை அமுக்கும் கருவி) இல்லாமல், கோப்பின் பெயரிலேயே பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தாளத் தட்டு) எழுதி அனுப்பவேண்டும். டிலேயை (ஒலி சற்றுத் தள்ளி மீண்டும் மீண்டும் ஒலிப்பது) தனிக் கோப்பாகக் கேளுங்கள். சேர்ந்து வந்தால் பிரிக்க முடியாது.

கேள்வி: பறவையை அருகே வரவழைக்க அதன் குரலையே ஒலிக்கவிடலாமா? – வாசகர், கூடலூர்

வேண்டவே வேண்டாம். எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். விடியுமுன் ரெக்கார்டரை மரத்தில் கட்டிவிட்டு விலகிப் போய்விடுங்கள். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ மணிக்கு சுமார் 2 ஜிபி பிடிக்கும். 32 ஜிபி கார்டு தாராளம்.