பரணுக்குப் போன பலகை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகனுக்குப் பதினொரு வயது. மூன்று வருடங்களாகச் செஸ் ஆடுகிறான். சென்ற மாதம் இணையத்தில் நடந்த ஒரு போட்டியில், தன்னைவிட நானூறு புள்ளி கூடுதல் ரேட்டிங் உள்ளவரைக் குதிரையைப் பலி கொடுத்து வென்றான். மறுநாள் காலை அவன் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. ‘நேர்மை விதியை மீறியதால்’ என்று ஒரு வரி மட்டும். கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடினான் என்று அதற்குப் பொருளாம். எந்த ஆட்டம், எந்த நகர்த்தல் என்று கேட்டு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. வகுப்பில் விஷயம் பரவிவிட்டது. “நான் செய்யவில்லை அப்பா” என்று ஒரே ஒருமுறை சொன்னான். பிறகு பலகையைப் பரணில் போட்டுவிட்டான். கம்ப்யூட்டர் வந்த அன்றே இந்த ஆட்டம் முடிந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. அவனை மறுபடி ஆடச் சொல்வதா, விட்டுவிடுவதா?

பெயர் வேண்டாம்,
திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. ‘ஒரே ஒருமுறை சொன்னான்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஆட்டம் முடிந்துவிடவில்லை. கம்ப்யூட்டருக்காகச் சிலவற்றை அது வெட்டி எறிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒருகாலத்தில் ஆட்டம் நீண்டால் பாதியில் நிறுத்துவார்கள். அடுத்த நகர்த்தலை எழுதி உறையில் வைத்து நடுவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். 1972இல் ரேக்யவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், ஃபிஷருக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் ஸ்பாஸ்கி அப்படி உறையில் வைத்துவிட்டுப் போனவர், மறுநாள் தொலைபேசியிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். இரவோடிரவாகக் கம்ப்யூட்டரைக் கேட்டுவிடலாம் என்று ஆனதும், 1990களில் அந்த வழக்கமே ஒழிந்தது. 1997இல் ‘டீப் புளூ’ என்ற கம்ப்யூட்டர் உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தபோது இனி யார் இதைப் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். ஆனால் பார்ப்பவர்கள் பெருகினார்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், பதினான்காவது ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டும் திரையோரத்து மதிப்பீட்டுப் பட்டை அந்த நொடியே சரிந்துவிட்டது. உலகெங்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது, எதிரே உட்கார்ந்திருந்த குகேஷுக்கு இன்னும் தெரியவில்லை. சில நொடிகள் கழித்து அந்தப் பதினெட்டு வயது முகத்தில் அது புரிந்ததே, அதற்காகத்தான் மக்கள் விழித்திருந்தார்கள். அந்தக் குகேஷைச் சிறுவனாக இருந்தபோது என்ஜின் என்னும் செஸ் ஆடும் நிரலின் பக்கமே போகவிடாமல் வளர்த்தவர் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா.

ஆகவே கருவியோடு வாழச் செஸ் கற்றுக்கொண்டுவிட்டது. சந்தேகத்தோடு வாழத்தான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

2006இல் எலிஸ்டாவில் நடந்த உலகப் போட்டியில், ரஷ்ய வீரர் கிராம்னிக் அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார் என்று எதிர்த்து ஆடிய டோபலோவ் தரப்பு புகார் செய்தது. அவருடைய தனிக் கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். கிராம்னிக் ஆட மறுத்து உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது ஆட்டம் எதிராளிக்குப் போனது. அதற்குப் பிறகு, அவருடைய நகர்த்தல்களில் எத்தனை சதவீதம் ‘ஃபிரிட்ஸ்’ என்ற நிரலோடு ஒத்துப்போகின்றன என்று ஒரு கணக்கையும் டோபலோவ் தரப்பு வெளியிட்டது. அவர் மீது எதுவும் நிரூபிக்கப்படவில்லை. கடைசியில் பட்டத்தை அவரே வென்றார்.

அதே கிராம்னிக்தான், சில ஆண்டுகளாக, அதே மாதிரியான கணக்குகளை வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பகிரங்கமாகச் சந்தேகித்தார். அவர்களில் ஒருவர் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி. இணையத்தில் எத்தனையோ பேருக்குப் பொறுமையாகச் செஸ் சொல்லிக்கொடுத்தவர். குற்றச்சாட்டைத் திரும்பத் திரும்ப மறுத்தார். 2025 அக்டோபரில், 29 வயதில் இறந்துபோனார். அந்த மரணத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கடைசி மாதங்களில் அவர் சுமந்தது என்ன என்பதை அவர் வாயாலேயே உலகம் கேட்டது. அதற்குப் பிறகுதான் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே, கிராம்னிக்கின் பேச்சுகளைத் தன் ஒழுங்கு ஆணையத்தின் முன் கொண்டுபோனது. தன் மேல் சேறு பட்ட மனிதருக்கே அது எப்படி எரியும் என்பது மறந்துபோகிறது என்றால், ஏமாற்றுபவர்களைக் கண்டுபிடிக்க ஒரு நிறுவனம் வைத்திருக்கும் நிரலுக்கு எப்படித் தெரியும்?

அந்த நிரல் செய்வது இதுதான். ஒருவருடைய நகர்த்தல்களை என்ஜினின் தேர்வுகளோடு ஒப்பிடுகிறது. அவர் ரேட்டிங்குக்கு இவ்வளவு ஒற்றுமை இயல்பா என்று பார்க்கிறது. நகர்த்த எடுத்துக்கொண்ட நேரத்தையும் கணக்கில் சேர்க்கலாம். பெரியவர்களிடம் இது பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். வளரும் பிள்ளையிடம்தான் சிக்கல். அவன் ரேட்டிங் அவனுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவருகிறது. கொரோனா காலத்தில் போட்டிகளே இல்லாமல் வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளைகள் வெளியே வந்தபோது, பழைய புள்ளியோடு வந்து பெரியவர்களை வீழ்த்தினார்கள். கீழ்மட்டப் புள்ளிகள் உண்மையான பலத்தைக் காட்டவில்லை என்பதால் 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஒட்டுமொத்தமாக உயர்த்தவே வேண்டியிருந்தது. இன்னொன்று: நாள்தோறும் கோடிக்கணக்கில் ஆட்டங்கள் நடக்கும்போது, லட்சத்தில் ஒன்றாக நிகழும் தற்செயலும் தினமும் யாராவது ஒருவருக்கு நிகழும். அன்று அது ஒரு பதினொரு வயதுப் பையனாக இருக்கலாம்.

வழிமுறையை வெளியே சொன்னால் ஏமாற்றுபவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் எந்த ஆட்டம் என்று சொல்வதால் எந்த ரகசியமும் போய்விடாது. போட்டி அரங்கில் நடுவருக்கு ஒரு முகம் இருக்கிறது. அவருக்கு மேலே முறையிட ஒரு குழு இருக்கிறது. இங்கே பிடிப்பதும் தீர்ப்பதும் ஒரே கை. கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்து நான்கு ஆட்டம் ஆடச் சொல்லிப் பார்க்கலாமே! குழந்தைகளிடம் கட்டணம் வாங்கும் ஒரு நிறுவனம் அந்த அரை மணி நேரத்தைக்கூடச் செலவிட மறுப்பது எனக்கு ஆறவேயில்லை.

உங்கள் மகன் செய்திருக்கமாட்டான் என்று நான் சான்று தர முடியாது. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் நீமன் தன் பன்னிரண்டு வயதில் இணையத்தில் ஏமாற்றியதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். பக்கத்து ஜன்னலில் விடை இருக்கும்போது பிள்ளைகளுக்குக் கை நீளும். அப்படி நடந்திருந்தாலும் அது திரும்பி வரமுடியாத குற்றம் இல்லை என்பதை அவன் உங்களிடமிருந்து கேட்க வேண்டும். நடக்கவில்லை என்றால், தன்னை நம்ப ஒருவர் இருக்கிறார் என்பதையும் உங்களிடமிருந்துதான் கேட்க வேண்டும்.

பலகையை இறக்குங்கள். அந்த ஆட்டத்தை அவனையே அடுக்கச் சொல்லுங்கள். விசாரணைபோல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தானே கண்டுபிடித்த பிள்ளை தான் எங்கே பயந்தான், எதைப் பார்க்கத் தவறினான் என்று வழிநெடுகச் சொல்வான். சில மாதங்களுக்கு இணையம் வேண்டாம். பள்ளிக்கூட ஹாலிலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கும் போட்டிகளுக்கு அழைத்துப்போங்கள். அங்கே கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. எதிரில் ஒரு ஆள் இருப்பார். நீண்ட நேர ஆட்டமாக இருந்தால் ஒவ்வொரு நகர்த்தலையும் தன் கையாலேயே எழுத வேண்டும்.

அவனுக்கு விருப்பமிருந்தால் அந்த ஆட்டத்தை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். குதிரையைக் கொடுக்கும்போது அவனுக்கு என்ன தெரிந்தது என்று பக்கத்தில் குறித்தும் அனுப்பட்டும். நானும் என் பலகையில் வைத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்