வாசகர் கேள்வி–பதில்: நான்கு நிமிடத்தில் நின்றுவிடும் ஹீட் பம்ப்

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கிறோம். எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தைத் தண்ணீருக்கு ஏற்றும் 11 கிலோவாட் ஹீட் பம்பைப் பொருத்தினோம். வெளியே மைனஸ் 2 டிகிரி என்றால் வீட்டுக்கு 6 கிலோவாட் தேவைப்படும் என்று கணக்கிட்டுத் தந்தார்கள். இயந்திரத்தின் குறைந்தபட்ச வெளியீடு 4 கிலோவாட் என்கிறது கையேடு. வெளியே 12 டிகிரி இருக்கும் நாட்களில் அது நான்கு நிமிடம் ஓடி, ஒன்பது நிமிடம் நின்று, மறுபடியும் ஓடுகிறது. சிக்கனத்துக்காக மாடியறை ரேடியேட்டர்களை (சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடுகளை) மூடி வைத்திருக்கிறோம். இது பழுதா?

பதில்: பழுதாகத் தோன்றவில்லை, நீங்கள் தந்த எண்களே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. உள்ளே 21 டிகிரி வேண்டுமென்றால், மைனஸ் 2 டிகிரிக்கும் அதற்கும் இடையே உள்ள வேறுபாடு 23. வெளியே 12 ஆகும்போது அது 9 தான். ஆகவே 6 கிலோவாட் தேவை ஏறத்தாழ 2.3 ஆகக் குறைகிறது. வெயிலும் சமையலும் வீட்டிலுள்ளவர்களின் உடல் வெப்பமும் சேர்ந்தால் 2 கிலோவாட் போதும். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் எவ்வளவு மெதுவாகச் சுழன்றாலும் 4 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது என்பதால், அது நின்று நின்று ஓடுவதை உங்களால் முற்றிலும் தவிர்க்க முடியாது. (முதலிலேயே சிறிய இயந்திரத்தைத் தேர்ந்திருக்க வேண்டும், அதை இப்போது பேசிப் பயனில்லை.) எவ்வளவு நேரம் ஓடி நிற்கிறது என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

அதைத் தீர்மானிப்பது குழாய்களில் சுற்றும் தண்ணீரின் அளவு. மாடியை மூடியபின் சுமார் 30 லிட்டர்தான் சுற்றுகிறது, கீழறைகள் 1.2 கிலோவாட்டை வாங்கிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எஞ்சும் 2.8 கிலோவாட், அந்தத் தண்ணீரை நான்கு நிமிடத்துக்குள் 5 டிகிரி ஏற்றிவிடும். கட்டுப்பாட்டுக் கருவியும் கம்ப்ரசரை நிறுத்திவிடும். மணிக்கு ஏறத்தாழ ஐந்து முறை தொடக்கம் என்பது அதிகம்: ஒவ்வொரு தொடக்கத்திலும் கம்ப்ரசரின் எண்ணெயில் ஒரு பகுதி, இயந்திரத்துக்குள் வெப்பத்தைச் சுமந்து சுற்றும் குளிர்பொருளோடு வெளியேறி, திரும்பி வரச் சில நிமிடங்கள் பிடிக்கிறது, அழுத்தம் நிலைபெறும்வரை, வாங்கும் மின்சாரத்துக்கு ஏற்ற வெப்பமும் கிடைப்பதில்லை.

எல்லா ரேடியேட்டர்களையும் திறந்து, அறைத் தெர்மோஸ்டாட்டை விரும்பும் வெப்பநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே வைத்துவிடுங்கள். சுற்றும் தண்ணீர் 80 லிட்டராகி, வீடு முழுவதுமாக 2 கிலோவாட்டை வாங்கிக்கொண்டால், ஒரு முறை தொடங்கினால் 14 நிமிடம் ஓடும். நிறுத்தும் வெப்பநிலைக்கும் தொடங்கும் வெப்பநிலைக்கும் இடையே உள்ள 5 டிகிரி இடைவெளியை 8 ஆக்க உங்கள் மாடல் அனுமதித்தால், 22 நிமிடமாகும். இதற்குச் செலவே இல்லை. இவ்வளவும் செய்தபின்னும் போதவில்லை என்றால், திரும்பும் குழாயில் 100 லிட்டர் தொட்டி ஒன்றைத் தொடராக இணைக்கலாம். நான்கு குழாய்கள் இணையும் தொட்டியை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் சூடான நீரும் திரும்பும் நீரும் கலந்துவிட்டால், ரேடியேட்டருக்குப் போகும் நீர் ஆறிவிடும், அதை ஈடுகட்ட இயந்திரம் கூடுதல் சூட்டில் ஓட வேண்டிவரும்.

வெளி வெப்பநிலைக்கேற்ப நீரின் சூட்டை மாற்றும் வசதியையும் இயக்கிவையுங்கள். மின்கட்டணம் குறைவது பெரும்பாலும் அதனால்தான்; ஆனால் அது மட்டும் தொடக்கங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடாது.

கேள்வி: ஈரக்குளிர் நாட்களில் எங்கள் வெளி யூனிட்டின் விசிறி திடீரென நின்று, புகைபோல ஆவி எழுகிறது. இதுவும் அதே சிக்கலா?

பதில்: இல்லை. வெளிக்காற்று 0 முதல் 5 டிகிரிக்குள் ஈரமாக இருக்கும்போது வெளிச்சுருளில் உறைபனி படியும். அதை உருக்குவதற்காக இயந்திரம் தன் சுற்றைத் திருப்பி, வீட்டுத் தண்ணீரிலிருந்தே சில நிமிடங்கள் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. தொடக்கங்களை எண்ணும்போது இவற்றைக் கழித்துவிடுங்கள். அந்தச் சில நிமிடங்களிலும் போதிய தண்ணீர் சுற்றினால்தான் பனி முழுவதும் உருகும் என்பதால், அறைகளை மூடி வைக்கும் பழக்கம் இங்கும் உதவாது.