விலை உயர்ந்த வேட்டை ரைஃபிள்: துல்லியத்தை எடை போடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: "1 எம்.ஓ.ஏ. உத்தரவாதம்" என்று பல கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. எல்லாம் ஒன்றுதானா?

அளவு ஒன்றுதான், உத்தரவாதம் ஒன்றல்ல. 1 எம்.ஓ.ஏ. (மினிட் ஆஃப் ஆங்கிள், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) என்பது 100 மீட்டரில் 29 மி.மீ., 100 கஜத்தில் 26.6 மி.மீ. அது கோண அளவு, ஆகவே 200 மீட்டரில் 58 மி.மீ. ஆகிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது எத்தனை குண்டுக்கு அந்த உத்தரவாதம் என்பதை. வெதர்பி கம்பெனி சொல்வது 100 கஜத்தில் 3 குண்டு, 0.99 அங்குலம், அதுவும் குளிர்ந்த பேரலில், தன் தோட்டா அல்லது உயர்தரத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால். சாக்கோ 5 குண்டுக்குச் சொல்கிறது. காதில் விழும்போது இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே ரைஃபிளில் 3 குண்டு க்ரூப்பின் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் கொத்து; மிகத் தொலைவில் உள்ள இரண்டின் இடைவெளியே அதன் அளவு) சராசரி 20 மி.மீ. என்றால், 5 குண்டுக்குச் சுமார் 25, 10 குண்டுக்குச் சுமார் 32 மி.மீ. வரும். ரைஃபிள் கெட்டுவிடவில்லை. அதிகம் சுடச் சுட அதன் உண்மையான சிதறல் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: பெட்டியோடு வந்த டெஸ்ட் தாளில் 3 குண்டும் ஒன்றையொன்று தொட்டபடி விழுந்திருக்கின்றன. இதை நம்பி வாங்கலாமா?

அந்த ஒரு முறை அப்படி விழுந்தது என்பதற்கு மட்டுமே அந்தத் தாள் சாட்சி. சராசரி 25 மி.மீ. போடும் ரைஃபிள் எந்தக் கோளாறும் இல்லாமலே இன்று 14 மி.மீ. போடும், நாளை 38 மி.மீ. போடும். 3 குண்டு க்ரூப்பின் இயல்பு அது. தாளில் இவை எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள்: துப்பாக்கியின் சீரியல் நம்பர், தூரம், தோட்டாவின் பெயர், குண்டின் எடை. தூரம் 50 மீட்டர் என்றிருந்தால் அளவை இரண்டால் பெருக்கிக் கொள்ளுங்கள். தோட்டாவின் பெயர் இல்லாத தாளால் உங்களுக்குப் பயனில்லை.

கேள்வி: வாங்கும் முன் ரேஞ்சில் ஒரு காலைப்பொழுது சுட்டுப் பார்க்க விடுகிறார்கள். அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

சுடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். முதலில் போல்ட்டைத் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) திறந்து சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு ஸ்டாக்கை (தோளில் ஊன்றும் உடல்கட்டை) ஆக்‌ஷனோடு (போல்ட் ஓடும் இயந்திரப் பகுதி) சேர்த்துப் பிடிக்கும் ஆக்‌ஷன் ஸ்க்ரூ, ஸ்கோப் பேஸ், ரிங் ஸ்க்ரூ எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு முறுக்கிப் பாருங்கள். ரிங் ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். அதற்கு மேல் போனால் ஸ்கோப் குழாய் நசுங்கும். "ரைஃபிள் சரியில்லை" என்று திரும்பி வரும் துப்பாக்கிகளில் பலவற்றில் தளர்ந்த ஸ்க்ரூதான் குற்றவாளி.

பேரலுக்குள் எண்ணெய் இருந்தால் உலர்ந்த துணி விட்டுத் துடைத்துவிட்டு, 2 குண்டு சுட்டு ஒதுக்கிவிடுங்கள்; அவை கணக்கில் சேராது. இரண்டு வகைத் தோட்டா, வகைக்கு ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) 20 என்று கையில் இருக்கட்டும். முன்பக்க மணல் பை ஸ்டாக்குக்கு அடியில்தான் இருக்க வேண்டும், பேரலுக்கு அடியில் ஒருபோதும் கூடாது. வார் மாட்டும் வளையம் பையில் இடித்தால் ஒவ்வொரு முறையும் ரைஃபிள் வேறு மாதிரி எகிறும். பின்பக்கம் ஒரு சிறு பை. அதை இடது கையால் அழுத்தி உயரத்தைச் சரி செய்யுங்கள். ஸ்கோப்பில் பாரலாக்ஸ் திருகு (கண் நகர்ந்தாலும் குறி நகராதபடி தூரத்துக்கேற்பச் சரி செய்வது) இருந்தால் 100 மீட்டருக்கு வைத்து, ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் லேசாக ஆட்டிப் பாருங்கள். குறுக்குக் கம்பி இலக்கின் மேல் நகரக் கூடாது.

ஒவ்வொரு தோட்டாவிலும் 5 குண்டாக 4 க்ரூப். இரண்டு க்ரூப்புக்கு நடுவே பேரலைக் கையால் சுற்றிப் பிடித்தால் சூடு தெரியாத வரை காத்திருங்கள். பேரல் ஆறும் இடைவெளியில் குறித்துக்கொள்ளவும் அளக்கவும் வேலை இருக்கும், அவசரப்பட வேண்டாம். நடுவில் ஸ்கோப் திருகைத் தொடவே கூடாது. குண்டு குறிக்கு வெளியே விழுந்தாலும் பரவாயில்லை. நீங்கள் பார்ப்பது சிதறலை, குறியை அல்ல.

அளக்கும்போது மிகத் தொலைவில் உள்ள இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை காலிப்பரால் அளந்து, ஒரு தனி ஓட்டையின் அகலத்தைக் கழியுங்கள். .308 (ஒரு தோட்டா ரகம்) குண்டின் விட்டம் 7.82 மி.மீ.தான், ஆனால் தாளில் விழும் ஓட்டை அதைவிடச் சற்றுச் சிறியது. அதனால் குண்டின் விட்டத்தைக் கழித்தால் க்ரூப் உள்ளதைவிட அழகாகத் தெரியும்.

"அந்த ஒரு குண்டு என் கை ஆடியதால் போனது" என்று எதையும் நீக்காதீர்கள். டிரிகரை இழுத்த நொடியில், ஸ்கோப்பில் பார்ப்பதற்கு முன்பே "தவறிவிட்டது" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மட்டும் நீக்கலாம்.

இன்னும் சில நாள் கிடைத்தால், ஒவ்வொரு நாளும் குளிர்ந்த பேரலில் ஒரே ஒரு குண்டு, எப்போதும் அதே தாளில். வேட்டையில் எண்ணப்படுவது அந்த முதல் குண்டுதான். ஐந்து நாளின் ஐந்து முதல் குண்டுகளும் 40 மி.மீ.க்குள் விழுந்தால், 15 மி.மீ. க்ரூப் படம் காட்டும் ரைஃபிளைவிட எங்கள் ஓட்டு இதற்கே.

கேள்வி: முதல் 3 குண்டு ஒன்றாக விழுகிறது. நாலாவது, ஐந்தாவது மேலே ஏறிக்கொண்டே போகிறது. பேரல் கோளாறா?

குண்டுகள் எந்த வடிவத்தில் விழுகின்றன என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். ஒரே திசையில் வரிசையாக நகர்ந்தால் சூடு. மெல்லிய வேட்டை பேரல் சூடாகும்போது உள்ளே தங்கிய இழுவிசையால் வளையலாம், அல்லது ஸ்டாக்கின் முன்பகுதி அதைத் தொட்டுத் தள்ளலாம். தடித்த காகிதத்தைப் பட்டையாக வெட்டிப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே விட்டு ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். மணல் பையில் வைத்து அழுத்திய நிலையிலும் தாராளமாக ஓட வேண்டும்; ஓரிடத்தில் சிக்கினால் அங்கே தொடுகிறது. சில ரைஃபிள்களில் ஸ்டாக்கின் நுனியில் வேண்டுமென்றே ஒரு மேடு வைத்திருப்பார்கள், அதைக் குறை என்று நினைத்துச் சீவிவிடாதீர்கள்.

முதல் குண்டு மட்டும் தனியாகப் போய் மற்றவை சேர்ந்து விழுந்தால் பேரலில் எண்ணெய் மிச்சம் இருக்கலாம். இரண்டு தனித்தனிக் கொத்துகளாகப் பிரிந்து விழுந்தால் ஸ்கோப்பின் உள்பாகம் அல்லது ஆக்‌ஷன் ஸ்டாக்கில் உட்காரும் இடம் மேல் சந்தேகப்படுங்கள். ஒழுங்கே இல்லாமல் சிதறினால் தோட்டாவை மாற்றுங்கள், சுடுபவரையும் மாற்றுங்கள்.

உங்கள் விஷயத்தில், ஆறிய பிறகு மறுபடியும் அதே பழைய இடத்தில் முதல் 3 விழுகிறதா? விழுந்தால் தாராளமாக வாங்கலாம், வேட்டையில் நாலாவது குண்டுக்கு வேலை வருவது அபூர்வம். ஆறிய பின்னும் இடம் மாறினால் வேண்டாம்.

கேள்வி: 1 எம்.ஓ.ஏ. ரைஃபிளுக்கும் அரை எம்.ஓ.ஏ. ரைஃபிளுக்கும் விலை இரண்டு மடங்கு வித்தியாசம். கொடுக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரைஃபிளின் சிதறலையும் உங்கள் கையின் சிதறலையும் நேராகக் கூட்ட முடியாது. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். களத்தில், உட்கார்ந்த நிலையில், குச்சி ஊன்றிச் சுடும்போது உங்கள் ஆட்டம் 3 எம்.ஓ.ஏ. என்று வையுங்கள். 1 எம்.ஓ.ஏ. ரைஃபிளோடு மொத்தம் 3.16. அரை எம்.ஓ.ஏ. ரைஃபிளோடு 3.04. 200 மீட்டரில் இது 18.4 செ.மீ.யும் 17.7 செ.மீ.யும். இரட்டை விலைக்கு 7 மி.மீ. லாபம்.

பெரும்பாலான மான்களின் உயிர்நிலை 20 செ.மீ. வட்டம் அளவு, சின்ன இனங்களுக்கு 12 முதல் 15 செ.மீ. 5 குண்டுக்கு 1.5 எம்.ஓ.ஏ. போடும் ரைஃபிள் 200 மீட்டரில் 9 செ.மீ.க்குள் அடங்கும், அதுவே போதுமானது. 300 மீட்டரிலோ மிதமான குறுக்குக் காற்றே .308 குண்டை 15 செ.மீ.க்கு மேல் தள்ளிவிடும். அந்தப் பிழையை எந்த பேரலும் திருத்தாது. விலை உயர்ந்த ரைஃபிளில் நல்ல டிரிகர், வழுக்கிக்கொண்டு ஓடும் போல்ட், ஈரத்தில் முறுக்காத ஸ்டாக் இவற்றுக்காகக் காசு கொடுங்கள், அது நியாயம். மூன்றரைக் கிலோ ரைஃபிளில், இழுக்க இரண்டரைக் கிலோ விசை கேட்கும் டிரிகர் இருந்தால் பேரல் எவ்வளவு சிறப்பாக இருந்தும் க்ரூப் விரியும்.

கேள்வி: ஈயம் இல்லாத செப்புக் குண்டு போட்டால் மட்டும் க்ரூப் விரிகிறது. ஏன்?

செம்பு ஈயத்தைவிட லேசானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது, நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான ட்விஸ்ட் (பேரலின் உள் வரிகள் குண்டைச் சுழற்றும் வேகம்) தேவை. பேரலில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பாருங்கள்: 6.5 க்ரீட்மூர் ரகத்தில் வழக்கமாக 8, .308-இல் 10 முதல் 12. உங்கள் பேரல் 12 என்றால் 150 கிரெய்ன் (குண்டின் எடை அலகு; சுமார் 9.7 கிராம்) அல்லது அதற்குக் குறைவான செப்புக் குண்டை முயலுங்கள். தாளில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் குண்டு பக்கவாட்டில் புரள்கிறது என்று பொருள். அந்தத் தோட்டாவை உடனே ஒதுக்குங்கள். ஈயக் குண்டிலிருந்து மாறும்போது பேரலை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுச் சுடுவதும் உதவும்.

கேள்வி: .300 வின்செஸ்டர் மேக்னம். முதல் க்ரூப் அருமை, மூன்றாவதிலிருந்து கீழே கீழே போகிறது. ரைஃபிளா, நானா?

பெரும்பாலும் நீங்கள்தான். ரேஞ்சில் ஒரு நண்பரிடம் சொல்லி, உங்கள் கண்ணில் படாமல் நடுநடுவே டம்மி (வெடிக்காத) தோட்டாவை மேகசினில் கலந்து வைக்கச் சொல்லுங்கள். டம்மியில் டிரிகரை இழுக்கும்போது பேரல் நுனி கீழே குத்தினால் அதிர்வுக்குப் பயந்த கை அது. இத்தகைய ரைஃபிளை ஒரே அமர்வில் 15 குண்டுக்கு மேல் சோதிக்க வேண்டாம், மீதியை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேரலைக் கழற்றி மாட்டும் வகை ரைஃபிள். தனியாக என்ன சோதிக்க வேண்டும்?

2 குண்டு சுடுங்கள். பேரலையும் ஸ்கோப்பையும் முழுசாகக் கழற்றி மறுபடி மாட்டி 2 குண்டு. இப்படி 5 முறை, ஒரே தாளில். பத்து ஓட்டைகளின் மொத்த அகலம், கழற்றாமல் சுட்ட 10 குண்டு க்ரூப்பைவிட 10 முதல் 15 மி.மீ.க்கு மேல் பெரிதாகக் கூடாது. சைலன்சர் மாட்டித்தான் வேட்டைக்குப் போவீர்கள் என்றால் மாட்டியே சோதியுங்கள். அதன் எடை குண்டு விழும் இடத்தை மாற்றும். ஒவ்வொரு முறையும் அதே அளவு மாற்றினால் பிரச்சினை இல்லை.